எட்டு வீட்டுக்கு ஒரு கருவி

பைட்டோம்
ஜனவரி 19, ஞாயிறு

என் மகன் நோர்பர்ட்டுக்கு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். போனைப் போலக் கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கடைசி வரை படி.

நலமா என்று கேட்கவில்லை. நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும், நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்கும் தெரியும். நீ அனுப்பிய மீன் பொட்டலம் வந்து சேர்ந்தது. பாதியை உன் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். தனி ஆளுக்கு அவ்வளவு எதற்கு? அப்பாவின் கல்லறையில் இன்னும் மரச்சிலுவைதான் நிற்கிறது. பனி உருகிய பிறகுதான் கல் வைப்பார்களாம். நீ விமானம் ஏறிய மறுநாள் டிராம் டிப்போவிலிருந்து அவருடைய பழைய ஆட்கள் வந்து ஒரு மலர்வளையம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் அழுதார்; பேர் எனக்குத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நார்வேக்குத் திரும்பும் முன் காவல் நிலையத்தில் நீ புகார் எழுதிக் கொடுத்தாயே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள். மேல்வீட்டு கிங்காவை முப்பதாம் தேதி வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீ ஒரு போன் செய்தால் போதும். எங்கள் வீட்டு வாயு எச்சரிக்கைக் கருவியை வாங்கிப் போய், பலமுறை கேட்டும் திருப்பித் தரவில்லை, அதனால்தான் என் தந்தை இறந்தார் என்று எழுதியிருக்கிறாயாம். யாரடா கேட்டது பலமுறை? நீ கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. அப்பா கேட்கவே இல்லை.

அடக்கத்துக்கு வந்த இடத்தில் யாரோ பாதிக் கதையை உன் காதில் போட்டிருக்கிறார்கள். மீதியை நான் சொல்கிறேன். நான் பக்கத்திலேயே நின்றவள்.

அக்டோபரில் குடியிருப்புச் சங்கத்தின் நோட்டீஸ் வாசலில் ஒட்டப்பட்டது. புகையையும் கார்பன் மோனாக்சைடையும் கண்டுபிடிக்கும் கருவி வீட்டுக்கு ஒன்று கட்டாயம், ஆய்வாளர் வந்து பார்ப்பார், இல்லாத வீட்டுக்கு கேஸ் இணைப்பு துண்டிக்கப்படும் என்று போட்டிருந்தது. நமக்குக் கவலையில்லை. நார்வேயில் எல்லா வீட்டிலும் இருக்கிறதே என்று நீ முன்பே ஒன்று அனுப்பியிருந்தாய். அது குளியலறைக்கு வெளியே நடைச் சுவரில் ஒழுங்காக மாட்டியிருந்தது. நம் படிக்கட்டில் மற்ற ஏழு வீட்டிலும் இல்லை. வாங்க முடியாதவர்கள் என்று யாரும் கிடையாது. அடுத்த மாசம் பார்க்கலாம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கீழ்வீட்டு கெரார்ட், "ஆயுசு பூரா சுரங்கத்துக்குள்ள கிடந்தவன் நான். எனக்கு மூக்கு இல்லையா?" என்றார். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது என்று சுரங்கத்து ஆளான அவருக்குத் தெரியாதா? சும்மா வம்புக்குப் பேசினார்.

ஆய்வாளர் வரும் நாள் தெரிந்ததும் உன் அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். "ஒண்ணு போதும்டி, எட்டு வீட்டுக்கும். ஒரே டிக்கெட்டுல எத்தனை பேர் டிராம்ல போவாங்கன்னு தினம் பார்த்தவன் நான்" என்றார். திட்டம் முழுக்க அவருடையதுதான். ஆய்வாளர் கீழிருந்து மேலே வருவார். ஒவ்வொரு வீட்டிலும் அவரை உட்கார வைத்துக் காபியும் கசகசா கேக்கும் கொடுப்பது. அவர் மென்றுகொண்டிருக்கும் நேரத்தில் கருவியைச் சூப் பானைக்குள் போட்டு, மூடி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிவிடுவது. கேக் சுட்டவள் நான். பானையும் என்னுடையது.

அந்த ஆய்வாளர் பாவம், மரியாதைக்காக எதையும் மறுக்கத் தெரியாதவர். நம் வீட்டுக்கு வருவதற்குள், "இதுக்கு மேல வயித்துல இடமில்லைங்க" என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். படிக்கட்டே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. நானும்தான் சிரித்தேன். புகைபோக்கி துடைப்பவர் வருகிற அன்று குளியலறைக் காற்றுத்துளையில் அடைத்த செய்தித்தாளை உருவிவிட்டு, அவர் போனதும் மறுபடி அடைப்போமே, இதையும் அது மாதிரி ஒன்று என்றுதான் நினைத்தோம். சட்டம் ஆய்வாளருக்காக, அவர் வாசலைத் தாண்டிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று.

கடைசி வீடு கிங்காவுடையது. நீ அவளை ஒன்றிரண்டு முறைதான் பார்த்திருப்பாய். பேக்கரியில் வேலை. போலா என்று ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அவர்கள் இருவர்தான் அந்த வீட்டில். ஆய்வாளர் போனதும் அவளே சுவரிலிருந்து கருவியைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினாள். "இந்தாங்க ஐயா, ரொம்ப நன்றி. சம்பளம் வந்ததும் நானும் ஒண்ணு வாங்கிடுறேன்" என்றாள். அவர் கை நீட்டவில்லை. அவள் வீட்டு கேஸ் கீசரை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டுல இருக்கிறதைவிடக் கிழடா இருக்கே. சம்பளம் வர்ற வரைக்கும் நீயே வெச்சுக்கம்மா. குழந்தை தினம் குளிக்கிற வீடு. எங்களுக்கு என்ன ஆயிடப் போகுது?" என்றார். நான் காலிப் பானையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். சரிதான் என்று நானும் தலையாட்டினேன்.

இதுதான் நடந்தது. அவள் கேட்டு வாங்கவில்லை. தர மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அந்த வாரமே கடுங்குளிர் இறங்கியது. அப்பா வழக்கம்போல் செய்தித்தாளை மடித்துக் காற்றுத்துளையில் அடைத்தார். கருவியும் இல்லையே, இப்போது அடைக்க வேண்டாமே என்று நான் சொல்லத்தான் சொன்னேன். "காசு கொடுத்துச் சூடாக்கின காத்தை ஓட்டை வழியா வெளியே அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?" என்றார். சாயங்காலம் நான் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினேன், அவர் குளிக்கப் போனார். புகைபோக்கிக்குள் காக்கைகள் கூடு கட்டி, குச்சியும் கந்தலுமாக அடைத்துக்கொண்டு கிடந்தது என்பது பிற்பாடு வெளியே இழுத்துப் போட்டபோதுதான் தெரிந்தது. நம் கீசருக்கும் கிங்கா வீட்டு கீசருக்கும் அந்த ஒரே புகைபோக்கிதான்; வெளியே போக வழியில்லாமல் வாயு இரண்டு வீட்டுக்குள்ளும் திரும்பியிருக்கிறது. அதே நேரத்தில் அவளும் மேலே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

மேல்வீட்டில் நீ அனுப்பிய கருவி அலறியது. அவள் கீசரை நிறுத்தி, குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறாள். எல்லோரும் வெளியே வந்தார்கள். நம் கதவைத்தான் நெடுநேரம் தட்டினாளாம். தீயணைப்பு வீரர்கள் வந்து உடைத்துத் திறந்தார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவள் பனியில் காலில் செருப்பில்லாமல் நின்றிருந்தாள்.

இனி எழுதப்போவதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். அடக்கம் வரைக்கும் நான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. படியில் அதன் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். கருவி நம் சுவரில் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்று நினைத்தேன். அப்படியானால் மேலே என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே, ஆகியிருக்கட்டுமே என்றும் நினைத்தேன். ஒரு பிள்ளையைப் பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்தேன். அதனால் உன் மனசு எனக்குப் புரியாது என்று மட்டும் சொல்லாதே.

உனக்குக் கோபம் கிங்கா மேல் இல்லை, நோர்பர்ட். "மாட்டிட்டீங்களாப்பா, பேட்டரி பார்த்தீங்களாப்பா" என்று நீ ஒவ்வொரு தடவையும் போனில் கேட்பாய். அவ்வளவு கேட்டும் அவர் அதைக் கழற்றிப் பானைக்குள் போட்டார். போனவர் மேல் கோபப்பட உனக்கு மனசு வரவில்லை. கோபப்படு, தப்பில்லை. நான் தினமும் காலையில் அவருடைய காபிக் கோப்பையைப் பார்த்துத் திட்டுகிறேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு உங்களுக்கு என்று. அவர் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்.

ஒன்று கேள். அடக்கம் முடிந்த வாரம் கெரார்ட் வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மறுபடி ஆய்வு வருமாமே, கருவி எங்கே இருக்கிறது என்று இழுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "மன்னிச்சுக்க லிடியா. பழக்கதோஷம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் எல்லா வீட்டுக்குமாகக் கருவி வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி, தானே மாட்டிக் கொடுத்தார். நம் நடையிலும் புதிதாக ஒன்று இருக்கிறது. பொழுது போகாமல் சில சமயம் அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன்.

கிங்காவுக்கு இது வியாழக்கிழமையோடு முடியாது. அவளை விட்டுப் போன புருஷன், போலாவைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பொருளை வைத்துக்கொண்டு ஒரு சாவுக்குக் காரணமானவள் என்று ஒரு காகிதம் கிடைத்தால் அவன் வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவள் என்னிடம் வந்து அழவில்லை. "உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க லிடியாம்மா. உங்க மகனை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

நான் அவளோடு போகிறேன். கேட்டால் நடந்ததைச் சொல்வேன். என் மகன் எழுதியது பொய் என்று என் வாயால் சொல்ல வைக்காதே, கண்ணா. அதற்கு முன் நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு. துக்கத்தில் எழுதிவிட்டேன் என்றால் அவர்களுக்குப் புரியும். கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். குளிரில் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

அம்மா


பைட்டோம்
ஜனவரி 31, வெள்ளி

நோர்பர்ட்,

நேற்றுக் காலை கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் போன் பக்கத்திலேயே நின்றேன். கிங்கா படியில் காத்திருந்தாள். பிறகு போய்விட்டோம்.

விசாரித்த அதிகாரி ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். நீ எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேக், பானை, அப்பா சொன்ன வார்த்தை, நான் தலையாட்டியது, எதையும் விடவில்லை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இத்தனை பேர் சேர்ந்து யாரை ஏமாத்துறதா நினைச்சீங்க?" என்று கேட்டாள். அதட்டலாகக் கேட்கவில்லை.

திருப்பித் தரவில்லை என்று நீ எழுதியது உண்மையில்லை என்று சொன்னேன். அப்பாவைப் பறிகொடுத்தவன், தாங்க முடியாமல் எழுதிவிட்டான், அவனை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். அதையும் எழுதிக்கொண்டாள். உனக்கு அங்கிருந்து ஒரு கடிதம் வரும். பயப்படாதே, பதில் எழுது. கிங்காவை மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள். குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டதே என்று நான்தான் அவளை டிராமுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கையெழுத்துப் போடும்போது, புகார் கொடுத்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டாள். என் மகன் என்றேன். எனக்கு ஒரே மகன் என்றும் சொன்னேன். அதை அவள் கேட்டிருக்கவில்லை.

நீ என் மேல் கோபமாக இருப்பாய். இரு. ஆனால் அந்த ஊரில் தனியாக உட்கார்ந்துகொண்டு கோபப்படாதே. உடைத்த கதவுக்குப் பதிலாகப் புதுக்கதவு போட்டாகிவிட்டது, உன்னிடம் இருக்கும் சாவி சேராது. மணியடி, நான் வீட்டில்தான் இருப்பேன். திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டு, ராஜா.

அம்மா