பின் இடது டயர்

ஆடி 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. தாராபுரம் ரோட்டில் ஆடி மாதம் பனியன் கம்பெனி வேன் ஓட்டுவது தனி வித்தை, வண்டியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வண்டி கழுவல், வெள்ளிக்கிழமை பூஜை. நான்கு டயருக்கும் சந்தனம் வைத்தேன். பின் இடது டயரில் விரலுக்கு அடியில் ஏதோ வீக்கம். பக்கவாட்டில், எலுமிச்சம்பழம் அளவு. கையை எடுத்தேன். பிறகு அதன் மேலேயே பொட்டு வைத்து, குங்குமமும் வைத்து, சூடம் காட்டிவிட்டு வந்தேன். என்ன புத்தியோ.

மேனேஜரிடம் சொன்னேன். முப்பது வயதுதான், திருநெல்வேலிப் பக்கம். "ஷிப்மென்ட் போவட்டும்ணே, அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்." தலையாட்டினேன். நமக்குத் தலையாட்ட மட்டும் நன்றாக வரும்.

வாங்க வேண்டியது: வைப்பர் ரப்பர், மல்லிகாவுக்கு இருமல் மருந்து, எனக்குப் பேனா.

ஆடி 6, திங்கள்

காற்று குறையவில்லை. வேனில் வழக்கமான பதினெட்டுப் பெண்கள், அதில் மல்லிகாவும் ஒருத்தி. கட்டின பெண்டாட்டி என்றாலும் வேனுக்குள் நான் டிரைவர், அவள் டெய்லர்.

சாயங்காலம் பின்னால் பனியன் கட்டு பதினொன்று. வழக்கமாக ஆறு. ஊரில் வேலைக்குப் போகாத பெண்கள் நூல் பிசிறு வெட்டிக் கொடுக்க, காலையில் திரும்பக் கம்பெனிக்கு. சித்திரையில் நான்தான் மேனேஜரைக் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு இது. ஊரில் பிரித்துக் கொடுப்பது மல்லிகா. ஆளும் ஏறி, கட்டும் ஏறி, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது வண்டி.

இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். எலுமிச்சை இப்போது சாத்துக்குடி. மல்லிகாவிடம் சொல்லவில்லை. ஒருத்தியிடம் சொன்னால் பதினெட்டுப் பேரிடம் சொன்ன மாதிரி.

இரவு ரசம், அப்பளம்.

ஆடி 7, செவ்வாய்

எழுத்து கோணல்.

காலை ஏழு மணி. குண்டடம் தாண்டி நேர் ரோடு. வேகம் அறுபதுக்கு மேல் இருக்கும். டமார். பின்பக்கம் ஒரு குதி குதித்து, வண்டி இடது பக்கம் இழுக்கிறது. உள்ளே கூச்சல். கால் பிரேக்குக்குப் போனது. மிதித்திருந்தால் குப்புற அடித்திருக்கும். எப்படியோ காலை எடுத்துவிட்டேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, வேகம் தானாகக் குறையட்டும் என்று விட்டேன். பின்னால் லாரி ஹாரன். என் காதுக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது. மண்ணில் இறங்கி நின்றபோது எதிரே பத்தடியில் புளியமரம்.

எல்லோரையும் இறக்கித் தூரமாக நிற்கச் சொன்னேன். சரசக்கா வேலியிலிருந்து கிளை ஒடித்துவந்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டார். செக்கிங் செக்ஷனில் மூத்தவர், பதட்டமே இல்லை. கட்டு முழுவதும் இறக்கினோம். முன் சக்கரத்துக்குக் கல். ஜாக்கி மண்ணில் புதைகிறது, அடியில் பலகை வைத்தேன். போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தேன்.

ஹாரன் அடித்த லாரிக்காரரே நிறுத்திவிட்டு வந்தார். சேலம் பக்கத்து ஆள். வெடித்த டயரைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னாச்சுங்ணா?" என்று பெண்கள் கேட்க, என் வாயில் வந்தது: "ஆணி ஏறிருச்சுங்க."

லாரிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பக்கவாட்டில் வாய் பிளந்து கிடக்கிறது டயர், ஆணியாவது ஒன்றாவது. ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும்போது மட்டும் மெதுவாக, "பொம்பளைங்கள ஏத்துறீங்க, பாத்துக்குங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மேனேஜர் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். ஆணி ஏறி டயர் வெடித்தது. கீழே என் கையெழுத்து, துரைசாமி, டிரைவர்.

ஆடி 8, புதன்

வானம் மூட்டம், மழை இல்லை. புது டயர் வந்தது. புதிது என்று அவர்கள் சொல்கிறார்கள். ரீபட்டன். தேய்ந்த டயர் மேல் ரப்பர் ஒட்டி, கறுப்புப் பாலீஷ் போட்டுப் பளபளவென்று நிற்கிறது. பின் இடது பக்கமே மாட்டினார்கள்.

மதியம் கேன்டீனில் கைதட்டல். எனக்குப் பொன்னாடை. "பதினெட்டு உசுரைக் காப்பாத்துன அண்ணன்" என்றார் மேனேஜர். மல்லிகா முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேசரியில் முந்திரி கூட இருந்தது. வாயில் வைக்க முடியவில்லை.

சரசக்கா வேறு: "பெத்த அப்பனாட்டக் கொண்டாந்து சேத்துட்டீங்க சாமி." ஐயோ.

ஆடி 10, வெள்ளி

பூஜை. சந்தனத்தோடு உட்கார்ந்து டயரைத் தடவினேன். ஒட்டின ரப்பர் ஓரத்தில் எழும்புகிறது. விரல் நுழைகிறது.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கு ஆணின்னு நீங்கதானண்ணே எழுதிக் குடுத்தீக? டயர்ல குறைன்னு இப்பம் சொன்னா எப்படி?"

கட்டாவது குறையுங்கள் என்றேன். "கட்டு வேணும்னு கேட்டதும் நீங்கதானே." அதுவும் உண்மைதான்.

நாற்பதில் ஓட்டிக்கொண்டு வந்தேன். "மாட்டு வண்டி தோத்துதுங்ணா" என்று பின்சீட்டில் சிரிப்பு.

ஆடி 11, சனி

இரண்டு விரல் நுழைகிறது. சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைத் திரும்பக் கம்பெனியில் விட்டு, சாவியை மேஜை மேல் வைத்தேன். டயர் மாற்றினால் ஓட்டுகிறேன் என்றேன். சரிண்ணே என்று சாவியை எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார் மேனேஜர். அவ்வளவுதான். பஸ்ஸில் வீடு.

மல்லிகாவிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய்க்கு எத்தனை குட்டி.

ஆடி 12, ஞாயிறு

தூங்கவில்லை. துணி துவைத்தது, தண்ணீர் பிடித்தது. பக்கத்து வீட்டு ஆடு முருங்கையைத் தின்றுவிட்டது, அதற்கு ஒரு சண்டை. மல்லிகா நாளைக்குப் போட வளையல் எடுத்து வைத்தாள். டயர் மாற்றியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆடி 13, திங்கள்

காலை ஆறரை. ஊர் நால்ரோட்டில் வேன். ஓட்டுவது புது டிரைவர் ரங்கன், முன்பு மங்கலத்தில் தறிகளுக்கு நூல் வண்டி ஓட்டியவர். குனிந்து பார்த்தேன். அதே டயர். ஓரம் உதடு மாதிரித் தொங்குகிறது.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். முன்னால் போய் நின்றேன். "எறங்குங்க. இந்த வண்டியில போவ வேண்டாமுங்க."

"ஏனுங்ணா, ஆணி ஏறுனது அந்த டயருங்க. இது புதுசுங்களே" என்றது பின்சீட்டுப் பெண்.

சொல்லிவிட்டேன். ஆணி இல்லை என்று. வீக்கத்தை அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே பார்த்தேன், தெரிந்தேதான் செவ்வாய் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனேன், இந்த டயரும் நிற்காது என்று. சத்தம் போட்டுச் சொல்ல நினைத்தேன், மெதுவாகத்தான் வந்தது. ஆனால் கேட்டது எல்லோருக்கும்.

சரசக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ரங்கன் திரும்பி, "இன்னைக்கு வராதவங்களுக்கு ஷிப்மென்ட் முடியற வரைக்கும் வேலை இல்லைன்னு சொல்லியிருக்காங்க" என்றார். எல்லோரும் மல்லிகாவைப் பார்த்தார்கள். புருஷன் சொல்கிறான், பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று. அவள் இறங்கியிருந்தால் பதினேழு பேரும் இறங்கியிருப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

மல்லிகா எழுந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக என்னையே பார்த்தாள்.

"ஏனுங்க, அன்னைக்குத் தெரிஞ்சேதான் என்னைய ஏத்திட்டுப் போனீங்களா?"

நான் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன்.

"அன்னைக்கு என்னைய ஏத்த நெஞ்சு வந்துச்சில்லீங்க. இன்னைக்கு மட்டும் என்னத்துக்குங்க எறங்கோணும்?" ரங்கனிடம் திரும்பினாள். "நீங்க எடுங்கண்ணா."

சரசக்கா உட்கார்ந்துவிட்டார்.

பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஐம்பது கிலோமீட்டரும் அந்த ஒரு சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. காற்றில் கண் எரிந்தது. கம்பெனி கேட்டில் இறங்கினார்கள், பதினெட்டுப் பேரும். எண்ணினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பகல் முழுக்க எதிர் டீக்கடையில். நான்கு டீ, ஒரு பன். மூன்று முறை போன் போட்டேன் மேனேஜருக்கு, எடுக்கவில்லை. இங்கேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஆறரைக்கு அதே வண்டி, அதே ரோடு. இந்த முறை இருட்டிவிடும், பின்னால் போனாலும் சக்கரம் தெரியாது. பைக்குக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. கேட்டைத் திறக்கிறார்கள். மல்லிகா இடது பக்க ஜன்னல் ஓரம், பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறாள்