மாத்திரை நிறுத்திய மாதம்

வீரசோழன்
6.7.2025

அன்புள்ள சபீர் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் பக்கத்தில் யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் இதை, விடுமுறை முடிந்து சவூதிக்குத் திரும்பும் ஃபைசல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்து, "கன்னம் உப்பியிருச்சே, நல்லாச் சாப்பிடுறியா?" என்று கேட்டீர்கள். அது சதை இல்லை மச்சான், வீக்கம். மூன்று வருடமாக எனக்கு ஒரு நோய். அடக்க முடியாமல் நிறையச் சாப்பிடுவேன். பிறகு குண்டாகிவிடுவேனோ என்று பயந்து வாந்தி எடுத்துவிடுவேன். கன்னம் வீங்குவது அதனால்தான். வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒருநாள் மயங்கி விழுந்ததும்தான் அம்மாவுக்கே தெரிந்தது. மதுரை டாக்டர், மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை இதற்கும் கேட்கும் என்று கொடுத்தார். வாராவாரம் பேசவும் வரச் சொன்னார். இரண்டு மாதமாக வாந்தி வெகுவாகக் குறைந்திருக்கிறது. நிக்காஹுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

துஆவுடன்,
நர்கிஸ்

தம்மாம்
19.7.2025

அன்புள்ள நர்கிஸுக்கு,

வ அலைக்கும் ஸலாம். படித்துவிட்டு அன்று வேலைக்குப் போகவில்லை. மறைக்காமல் சொன்னாயே, உன்மேல் மதிப்புக் கூடித்தான் இருக்கிறது. ஆனால் மனசுக்கு மாத்திரை போடுகிறாய் என்று உன் மாமிக்குத் தெரிந்தால் இந்த நிக்காஹ் நடக்காது. என் அம்மாவை எனக்குத் தெரியும். டிசம்பரில் நிக்காஹ் முடியும் வரை மாத்திரையை நிறுத்தி வை. பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக இது ஒன்று செய்.

என்றும் உன்,
சபீர்

வீரசோழன்
14.9.2025

சபீர் மச்சானுக்கு,

ஸலாம். போனில் சொல்லாததை எழுதுகிறேன். உங்களுக்காக, டாக்டரிடம் கேட்காமலே மாத்திரையை நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. போன மாதம் ஒரு விருந்துக்குப் போய் வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வாந்தியில் ரத்தம் வந்தது. நான் மயங்கி விழுந்த சத்தம் கேட்டு அத்தா கதவை உடைத்து என்னைத் தூக்கினார்கள்.

மதுரைக்குக் காரில் போகும்போது, நீங்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னது வரை எல்லாவற்றையும் அத்தாவிடம் சொன்னேன். திருச்சுழி தாண்டியதும் அத்தா சட்டைப்பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்கள். அப்புறம், "நான் சுகர் மாத்திரை போடுறேன். யாருக்குப் பயந்து நிறுத்துனேன்? நீயும் போடு புள்ள" என்றார்கள். டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கியிருக்கிறார். கேட்பதற்குச் சில வாரம் ஆகுமாம்.

நான் சொல்லித்தான் அத்தா மாமியிடம் போய்ப் பேசினார்கள். மாமி அழுதுவிட்டு, "புள்ள மொதல்ல தேறட்டும், தேதியத் தள்ளி வைப்போம்" என்றார்களாம். பயந்தது மாமி இல்லை மச்சான், நீங்கள்தான்.

கோபம் இல்லை. ஆனால் ஒளித்து ஒளித்து மாத்திரை போட்டுக்கொண்டு உங்களோடு வாழ என்னால் முடியாது. நிக்காஹ் வேண்டாம் என்று நேற்று மாமியிடம் நானே சொல்லிவிட்டேன்.

இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டேன். இப்போது மணி பதினொன்று. இன்னும் வயிற்றில்தான் இருக்கிறது.

நர்கிஸ்