விழுந்தவர் அவுட் இல்லை

பிரியமுள்ள அண்ணனுக்கு,

பிரியம் என்று எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும் இந்தக் கோபத்தைக் காட்ட உன்னை விட்டால் எனக்கு வேறு அண்ணன் இல்லை.

அமெரிக்காவில் வேலைப் பயிற்சி முடித்து நீ கொண்டுவந்த பந்து ஞாபகம் இருக்கிறதா? பப்பாளிக்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பியிருந்தது. அந்த ஊர் ஃபுட்பால் என்றாய், கையில் இடுக்கிக்கொண்டு ஓடினாய். கல்லிடைக்குறிச்சி ஆற்று மணலில் தெருப் பையன்களைப் பக்கத்துக்குப் பதினொன்றாகப் பிரித்தாய். கோடு கிழித்தது நான்.

நான்கு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு. பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. இவ்வளவும் அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் பந்தைத் தூக்கியவன் மூச்சை அடக்கி "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே ஓடினான். அமுக்கிப் பிடித்ததும் தானாக எழுந்துபோய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தான்.

"ஏலே, மூச்ச விடுலே! விழுந்தா அவுட்டு கெடையாதுலே. விழுந்த எடத்துலேர்ந்து மறுபடி ஆடணும். யாரும் வெளிய போவாண்டாம்" என்று கத்தினாய்.

அந்த வாய்தானே அண்ணே, பிறகு என்னை அப்படிப் பேசியது?

பாளையங்கோட்டையில் என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவ வாத்தியாரைக் கட்டிக்கொண்டேன். அதற்காக என்னை வீட்டை விட்டே தள்ளிவைத்தாய். அம்மா மூலம் சொல்லியனுப்பினேன். அவள் சொல்லி முடிக்கும் முன்பே நீ வெளியே போய்விட்டாய். போன் செய்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றேன். "ஏட்டி, இங்கன ஒனக்கு யாரும் இல்ல, போ" என்றாய்.

மூன்று தடவை முடியாமல் போனால் நான்காவது தடவை பெரும்பாலும் முயல மாட்டார்கள், பந்தைத் தூர உதைத்து எதிராளிக்கே விட்டுவிடுவார்கள் என்று நீதான் சொன்னாய். நான் விடவில்லை. மஞ்சள் காமாலையில் நீ கிடந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மறுநாள் செத்தும் போனாய். பாதி ஆட்டத்தில் எழுந்துபோனால் நான் யாரோடு மோதுவது?

உன் பந்தில் இப்போது காற்று நிற்பதில்லை. பையன்கள் பழந்துணி திணித்து ஆடுகிறார்கள், இன்னமும் மூச்சடக்கித்தான். ஆனால் விழுந்தவன் வெளியே போவதில்லை. கேட்டால், "அண்ணாச்சி சொன்ன சட்டம்" என்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், கூடப் பிறந்தவளுக்கு ஒரு சட்டமா?

உன் முதல் திவசத்துக்கு வருவேன். யாரும் கூப்பிட மாட்டார்கள், தெரியும். சித்தப்பா வாசலில் மறித்தால் அங்கேயே நிற்பேன். அடுத்த வருஷம் அந்த இடத்திலிருந்து மறுபடி வருவேன். உன் சட்டம்தான் அண்ணே. இனி நீயே நினைத்தாலும் அதை மாற்ற முடியாது.

யாரும் இல்லை என்று நீ சொன்ன வீட்டின் மகள்,
உன் தங்கச்சி கோமதி