விசில் வரைக்கும் விடாதே என்று சொன்னவன்

அன்பு மாப்ள முத்துவேலு,

கோபம் இன்னும் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவனிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். உன்னிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் நான் பேசுவது?

நம் பள்ளிக்கூடத்து ரக்பி சீசன் முடிந்துவிட்டது. அண்டர் 14, அண்டர் 17, அண்டர் 19, மூன்று அணிகளும் இறங்கின. நீ இல்லாத முதல் சீசன். எல்லா ஆட்டத்தையும் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகவே போனேன். சமயநல்லூரில் பஸ் ஏறிப் போய், நம் ஆட்கள் இருக்கும் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் வேலியோரமாக நின்றுகொள்வேன். பக்கத்தில் நிற்பவர், "பெரியவரே, உங்க பேரன் எந்த டீம்ல இருக்கான்?" என்று கேட்பார். "எல்லாத்துலயும்" என்பேன்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அதனால் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ பி.டி. மாஸ்டர். நான் எட்டாவதோடு நின்றவன், வெல்டிங் பட்டறைக்காரன். ஆனால் கபடியில் என் பிடியை இந்த வட்டாரமே அறியும். நீ ரக்பியைக் கொண்டுவந்தபோது, "மச்சான், ஆளைப் பிடிச்சுக் கீழ தள்ளுறத நீ சொல்லிக்கொடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

நான் சும்மா வந்துவிடவில்லை. இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்தேன். எதிராளியைக் கீழே தள்ளியதும் உடனே பிடியை விட வேண்டும், அதற்குப் பிறகுதான் பந்துக்குக் கை நீட்டலாம் என்று அதில் போட்டிருந்தது. படித்தேன், புரிந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. பிடித்தவனை விடச் சொல்வதெல்லாம் ஒரு சட்டமா? "விசில் வர்ற வரைக்கும் விடாதீங்கடா" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நம் பக்கத்து ஆட்டங்களில் நடுவர்களும் பழைய கபடிக்காரர்கள்தானே. நல்ல பிடியைப் பார்த்தால் தலையை ஆட்டுவார்களே தவிர விசில் ஊத மாட்டார்கள். அதனால் என் தப்பு பல வருடம் தப்பாகவே தெரியவில்லை.

வெளியூர் நடுவர் வந்த அன்று தெரிந்தது. பிடியை விடவில்லை என்று நமக்கு எதிராகப் பெனால்டிக்கு மேல் பெனால்டி. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் முன்னாலேயே நீ கேட்டாய்.

"இது கபடி இல்ல மச்சான். எம்புட்டுத் தடவ சொல்றது? உன்னாலதான் பிள்ளைக தோக்குது."

"அப்ப நீயே பிடிச்சுக் காட்டு மாப்ள. உனக்குப் பிடிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா? இன்றுவரை தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு முறை பட்டறை வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்தாய். நான் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை வரட்டும், போகலாம் என்றிருந்தேன். அதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது.

இந்த சீசனில் நான் கண்டதைக் கேள். அண்டர் 14 பிள்ளைகள் நான் விலகிய பிறகு வந்தவர்கள், என்னிடம் படிக்காதவர்கள். தள்ளுகிறார்கள், விடுகிறார்கள், எழுந்து நிற்கிறார்கள். அவர்கள்மேல் விசிலே இல்லை. அண்டர் 17இல் பாதிப் பேர் என் கைக்கு வந்தவர்கள். பெனால்டி எல்லாம் அந்தப் பாதிப் பேரால்தான். அண்டர் 19 முழுக்க நான் வளர்த்தது. ஆளைச் சாய்ப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சாய்த்துவிட்டு உடும்பு மாதிரி ஒட்டிக்கிடந்தார்கள். என் தப்பு வயசுவாரியாக வளர்ந்து என் கண் முன்னால் ஓடியது. இதை வேலியோரத்தில் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் இடத்துக்கு வந்திருக்கும் தமிழரசி டீச்சர் ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அய்யா, சின்னப் பிள்ளைக நான் சொன்னா கேக்குதுக. பெரியவனுக கேக்க மாட்டேங்கிறானுக. 'பெரியப்பா விடச் சொல்லல'ங்கிறானுக. சனிக்கிழமை அவங்களுக்குக் கடைசி மேட்ச். நீங்கதான் வந்து சொல்லணும்."

"நான் சொன்னது தப்புன்னு நானே சொல்லணுமாக்கும்?"

"ஆமாங்கய்யா."

மழுப்பவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆனாலும் இரண்டு நாள் பட்டறையைத் திறக்காமல் வீட்டிலேயே கிடந்தேன். உன்னிடம் ஒப்புக்கொள்ளாததைப் பிள்ளைகளிடம் எப்படி ஒப்புக்கொள்வது? ஒப்புக்கொண்டால், நீ ஹாரன் அடித்தபோது நான் உள்ளே உட்கார்ந்திருந்ததற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கும்?

சனிக்கிழமை தல்லாகுளம் பக்கத்து மைதானத்தில், இந்த சீசனில் முதல் முறையாக நம் பக்கம் போனேன். கேப்டன் பாண்டி ஓடிவந்தான்.

"வாங்க பெரியப்பா! விசில் வரைக்கும்தான?"

"இல்லடா. தள்ளுனதும் விட்டுரு."

"நீங்கதான விடக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பி.டி. சார் சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும்."

ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அன்று பிடியை விடவில்லை என்று ஒரு பெனால்டிகூட நம்மீது வரவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் பாண்டி அவர்களுடைய பெரிய ஆளைச் சாய்த்தான், சொன்னபடி உடனே விட்டான், நடுவருக்குத் தெரியட்டும் என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு படுத்தே கிடந்தான். அந்த ஆள் பந்தைத் தரையில் விட்டு எழுந்து, அதையே மறுபடி எடுத்து ஓடிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டான். அதில்தான் தோற்றோம்.

"பாத்தியா மாப்ள, விட்டா இதான் கதி!" என்று சொல்லிக்கொண்டே சட்டென்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே தண்ணீர் கேன்தான் இருந்தது.

பாண்டி தலையைத் தொங்கப்போட்டு வந்தான். "விட்டிருக்கக் கூடாதோ பெரியப்பா?"

"விட்டது சரிடா. விட்டதும் நீ எந்திரிச்சிருக்கணும். அத நான் சொல்லித் தரல."

பிடியை விட்ட பிறகு என்ன செய்வதென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை, மாப்ள. சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இப்போதுதான் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னது சரி. பிள்ளைகள் முன்னால் வைத்துச் சொன்னது தப்பு. இந்த இரண்டில் எதையும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. முதலாவதை அதே பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவதை யாரிடம் சொல்ல? நீ வந்து ஒரு பதில் சொல்லியிருந்தால் அரை நாள் சண்டை போட்டிருக்கலாம்.

டீச்சரிடம் கேட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் மைதானத்துக்குப் போகிறேன், மூன்று அணிக்கும். சாய்த்த பிறகு விடுவதையும், விட்ட பிறகு எழுந்து நிற்பதையும் சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொரு தடவையும் இது பி.டி. சார் சொன்னது என்று உன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். சத்தியம்.

உன்மேல் கோபம் குறையாத,
உன் மச்சான்
பெரியகருப்பன்