பேர் இல்லாத ஒயர்கள்

இன்று காலை ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்று பழைய சர்க்யூட் படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். நீ வரைந்த படம். ஒயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றின் மேலும் அது எந்த ஒயர் என்று பொடி எழுத்தில் பேர். வேறு யாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள். மூடிவிடப் பார்த்தேன், கை வரவில்லை.

உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது நம் அம்பத்தூர் ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். ரயில்வே வேலைக்கு எல்லாப் பரீட்சையும் பாஸாகிக் கடைசியில் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று, ஒருநாள் பட்டாபிராம் போகும் வண்டிக்கு நிற்கும்போது சொன்னாய். இங்கேயும் தெரிந்தால் வேலை போய்விடும், யாரிடமும் மூச்சுவிடாதே என்றாய். சரி என்றேன்.

அப்புறம் புது சாஃப்ட்வேர் வந்தது. ஒயர்களுக்கு நிறம் பிரிக்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்துநாலு வோல்ட் போகும் ஒயருக்குச் சிவப்பு, சிக்னல் ஒயருக்குப் பச்சை என்று வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நிறம் இருக்கும்போது பேர் எதற்கு, படம் அடைசலாக இருக்கிறது என்று பேர்களை எல்லாம் மறைத்துவிட்டேன். நீ என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாய்:

“மச்சான், கலர் இருந்துட்டுப் போவட்டும். பேரை மட்டும் எடுக்காத. எனக்கு அதான் கண்ணு.”

பார்க்கலாம் என்றேன். படம் பளிச்சென்று இருப்பதாக மேனேஜர் நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டியிருந்தார். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்த மாதம் நீ திருத்திய படத்தில் சிக்னல் ஒயர் இருபத்துநாலு வோல்ட்டில் போய்ச் சேர்ந்திருந்தது. அதைப் பார்த்துச் செய்த போர்டுகள் கருகித் திரும்பி வந்தன. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று மீட்டிங்கில் மேனேஜர் கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கவனக்குறைவு சார் என்று நீயே சொல்லிக்கொண்டாய். அன்றோடு உன்னை அனுப்பிவிட்டார்கள்.

உன் ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சௌகரியமான பொய். உன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே, நீ கேட்டும் பேர்களைத் திரும்ப வைக்காதவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாமே. உன் மேலும் கோபம் இருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுதானே, ஏன் விட்டுவைத்தாய்?

போன வருஷம் மாரடைப்பில் நீ போனபோது வந்திருந்தேன். உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

“அண்ணே, ஊட்ல ஒரு சாமானக்கூட எடம் மாத்தி வெக்க மாட்டாரு. ஆபீஸ்ல அப்டி இன்னா தப்பு பண்ணாரு?”

தெரியலம்மா என்றேன்.

இப்போது அந்த மேனேஜர் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் வரையும் படத்தில் எந்த ஒயரையும் பேர் இல்லாமல் விடுவதில்லை. நிறம்தான் இருக்கிறதே, எதற்கு சார் இரட்டை வேலை என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள்.

பழக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஒயருக்குப் பேர் எழுதுகிறேன்.