மூணாம் கூண்டு முயல்

அக். 3, வெள்ளி

காலையிலேயே வெயில் ஜாஸ்தி. காலேஜ் பஸ் லேட். லேப் முழுக்க ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் காயாத மாதிரி பளிச்சென்று. முயல் கூண்டுகளுக்கு நான் வைத்தது கோணல். சுமதி தன் கம்ப்யூட்டருக்கு வைத்தது சின்னதாக, அழகாக. அதுகூட அவளுக்குத்தான் வருகிறது.

இன்று பி.ஃபார்ம் பசங்களுக்கு அவள் டெமோ. திரையில் ஒரு முயல் கண். மருந்தை கிளிக் பண்ணினால் கண் பாப்பா விரிகிறது. ஒரே கைதட்டல். பிரின்சிபால் எழுந்து, "இனிமே நம்ம காலேஜ்ல எந்தப் பிராணியையும் வெச்சி பிராக்டிகல் கிடையாது. எல்லாம் சுமதி மேடம் புண்ணியம்"னார். அதே பாடத்தை நிஜ முயல் கண்ணில் சொட்டு விட்டு இத்தனை வருஷம் காட்டினேன். ஒருத்தரும் தட்டியதில்லை.

எனக்கு ஜூனியர், நேற்று வந்தவள். முயல் பிடிக்கவே நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவள் கையில் துள்ளும், உதைக்கும். என் கையில் அசையாது. "மேடமுக்குக் கைராசி"ன்னு பசங்க சொல்வார்கள். அது கம்ப்யூட்டரில் வருமா?

துவரம் பருப்பு வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.

அக். 4, சனி

முயல் நாலையும் வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று கமிட்டி ஓகே. மூணாம் கூண்டு முயல் எனக்கு என்று முதல் ஆளாகச் சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் அவளே கொண்டுபோகட்டும். அடி அண்ணாமலையில் சொந்த வீடு, பின்னால் தோட்டம். எனக்கு வேங்கிக்காலில் ஒரு பால்கனி.

மதியம் கால்நடை டாக்டர் செக் பண்ண வந்தார். மூணாவதை நான் தூக்கினேன். வழக்கம்போல அசையவில்லை. "பாருங்க டாக்டர், என்கிட்ட எவ்ளோ சமத்தா இருக்குது." சுமதி காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

அவர் அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். பிறகு என் காதில் மாட்டினார். துடிப்பை எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். "சமத்து இல்லைங்க மேடம், பயம். ரொம்ப பயந்துட்டா முயல் இப்டித்தான் விறைச்சிடும். துள்ளுறது எவ்ளோ தேவலாம்."

சுமதி சிரித்திருந்தால் நிம்மதி. தரையைப் பார்த்தாள். முன்னமே தெரிந்திருக்கிறது அவளுக்கு. சொல்லாமல் இருந்திருக்கிறாள், எனக்கு மரியாதையாம்.

அக். 5, ஞாயிறு

துணி ஊறுகிறது. பருப்பு மறந்துவிட்டேன். கைராசியாம், சே.

அவளிடம் இருந்தால் மூணாவதுக்கு நல்லது. தெரிகிறது. ஆனால் அவளிடமா?

அக். 6, திங்கள்

பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்து நடந்து கால் வலி.

லேபில் அவளிடம், "மூணாவதையும் நீயே எடுத்துட்டுப் போ சுமதி."

"ஏன் மேடம்? நீங்க ஆசையா கேட்டீங்களே!"

"பால்கனில வெயில்."

வேறு எதுவும் கேட்கவில்லை. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாள்.

அக். 12, ஞாயிறு

தூறல். விடாமல் கூப்பிட்டாள் என்று ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்கு. தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மூணாவது, கொத்தமல்லி மென்றுகொண்டு. என்னைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்தியது.

"இன்னிக்குத்தான் லேப் கோட் போடாம வந்திருக்கீங்களே, பயப்படாது. தூக்கிப் பாருங்க மேடம்."

வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கை நீண்டுவிட்டது. தூக்கியதும் விறைத்தது, அதே மாதிரி. கீழே விடப் போனேன். திடீரென்று ஒரு உதை! முழங்கை வரைக்கும் கீறிவிட்டுத் துள்ளி ஓடி மல்லிச் செடிக்கு அடியில் புகுந்தது.

"ஐயையோ, ரத்தம் வருது மேடம்! இருங்க, டெட்டால் எடுத்தாறேன்."

"இருக்கட்டும் விடு."

அவள் திரும்ப உட்கார்ந்ததும் மெதுவாக வெளியே வந்து அவள் மடியிலேயே ஏறிக்கொண்டது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

திரும்பும்போது ஆட்டோவில் வழியெல்லாம் அந்தக் கீறலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை உதைத்திருக்கிறது.