காருக்குள்ளிருந்து எடுத்த படங்கள்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நீ நலம் என்று நினைத்துக்கொண்டு தொடங்கத்தான் ஆசை, இந்தத் தடவை பேனா அதற்கு ஒத்துவரவில்லை. இங்கே நாங்கள் இருக்கிறோம். அப்பா வழக்கம்போல டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வருகிறார். உன் தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் ஷூ வாங்கினான், அதுவும் ஒரு சைஸ் சின்னது, கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேட்க வெட்கப்பட்டு நொண்டிக்கொண்டே ஆபீஸ் போகிறான். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை உன் கல்லூரி முகவரிக்கு அனுப்புகிறேன், அந்த வீட்டில் எதுவும் உன் கைக்கு நேராக வரும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய், அந்த வித்தையை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் முழுதாகப் படி.

வாரக் கடைசியில் ஊர் சுற்றிய படங்களை நீ அனுப்புவாய், நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஏரி, பழைய கோட்டை, மலைப்பாதை. நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள் போகிற இடத்துக்கெல்லாம் உன்னையும் கூட்டிப்போகிறார்கள் என்று எதிர்வீட்டு டீச்சரிடம் பீற்றிக்கொண்டேன். போன வாரம் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாப் படத்தையும் முதலிலிருந்து பார்த்தார். "எல்லாமே பின் சீட்டுல உக்காந்து எடுத்தது, ஒண்ணுலகூட இவ இறங்கல" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தையின் கால். கோட்டைக்குக் கீழே பால் புட்டி. அவர்கள் இறங்கிச் சுற்றுகிறார்கள், நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காரிலேயே கிடக்கிறாய். அடுத்த தெருவில் அறை எடுத்திருக்கிறாளே உன் சிநேகிதி சுருட்டைமுடி, அவளுக்குப் போன் போட்டேன். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். விடிவதற்குள் சமையல், துணி மடிப்பது, தரை துடைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் நீதானாம், வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாயாம். வாடகை கொடுத்துத் தங்கும் பெண்ணுக்கு இது என்ன தலையெழுத்து.

நீ அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த புதிதில் வீடியோ காலில் அந்த வீட்டுக்கார அம்மாவிடம் அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா. "இனிமே இவ உங்க வீட்டுப் பொண்ணு, சும்மா உக்காரவிடாதீங்க, வேலை சொல்லுங்க, தப்பு பண்ணினா ரெண்டு போடுங்க." பிள்ளையை ஒருவர் பொறுப்பில் விடும்போது நாம் சொல்கிற வார்த்தைதான். டியூஷன் மாஸ்டரிடமும் சொன்னார், ஹாஸ்டல் வார்டனிடமும் சொன்னார். "அய்யய்யோ, அதெல்லாம் எதுக்குங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள், அத்தோடு சரி. அந்த அம்மாவுக்கு அப்படிப் பதில் சொல்லும் பழக்கம் இல்லை. நீயும் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விடாமல் அவர்கள் மொழியில் சொன்னாய். அவள் தலையாட்டினாள், மரியாதைக்கு ஆட்டுகிறாள் என்று நினைத்தோம்.

கொஞ்ச நாளாக உன் போன் கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். கெட்ட கேமராவில் மலைப்பாதை மட்டும் எப்படி விழுந்தது. அந்தப் படத்தில் கார்க் கண்ணாடியில் உன் முகமும் விழுந்திருக்கிறது, கன்னம் வீங்கியிருக்கிறது. கேட்டதற்கு அலமாரிக் கதவு இடித்தது என்றாய். சுருட்டைமுடி அதைக் கிட்டே பார்த்திருக்கிறாள். அலமாரிக் கதவுக்கு விரல் கிடையாது, நான் உன்னைப் பெற்றவளடி. அப்பா கொடுத்த வார்த்தை, அவர் தலை குனியக்கூடாது என்றுதானே வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். அவர் தலை குனிந்தாகிவிட்டது. நேற்று வண்டி பழக வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ரோட்டோரம் நிறுத்தி அழுதிருக்கிறார்.

இனி அங்கே இருக்க வேண்டாம். சுருட்டைமுடி தன் அறையில் உனக்கு இடம் ஒதுக்கிவிட்டாள். தனியாகப் போகாதே, அவளையும் உன் கல்லூரி ஆபீஸ் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று அந்த வீட்டுக்கார அம்மா வாங்கிவைத்த பாஸ்போர்ட்டை முதலில் கேள், தராவிட்டால் ஆபீஸ் அம்மா பேசட்டும். துணிமணி போனால் போகிறது. அந்தக் குழந்தை மேல் உனக்குப் பாசம் விழுந்திருக்கும், திரும்பிப் பார்ப்பாய். அதற்கு அம்மா இருக்கிறாள், உனக்கும் இருக்கிறாள்.

அந்தப் படிப்பு முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ராத்திரி போன் செய், கேமராவைப் போட்டுக்கொண்டு பேசு, முகம் எப்படி இருந்தாலும் நாங்கள் பார்ப்போம். கிளம்பும்போது அந்த அம்மாவிடம் சொல்ல அப்பா ஒரு வரி கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் போலவே ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டு வா. "நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறேன், இவ எங்க வீட்டுப் பொண்ணு." இந்தத் தடவை சிரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா